நிம்மலாவைக் கொடுப்பீர்களா? ட்ரேடில் இளம் வீரருக்கு விலை போடுவது எப்படி

#1 பதினோராவது இன்னிங்ஸ் (ஸ்காபரோ)

எல்லோருக்கும் வணக்கம். 2025 பேஸ்பால் உலகத் தொடரில் எங்கள் டொராண்டோ ப்ளூ ஜேஸ் டாட்ஜர்ஸிடம் தோற்று வாரங்கள் ஆகிவிட்டன. எங்கள் வீட்டில் இன்னும் நவம்பர் 1 இரவுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழாவது ஆட்டம், 11-வது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸின் வில் ஸ்மித் அடித்த ஹோம் ரன். பந்தைப் போட்டவர் எங்கள் ஷேன் பீபர்.

போன ஞாயிறு மச்சான் சாப்பிட வந்திருந்தார். ஜூலை 31-ல் பீபரை வாங்குவதற்காக கால் ஸ்டீஃபன் என்ற இளம் பிச்சரை (பந்து போடுபவரை) கிளீவ்லாந்து அணிக்கு ட்ரேடில், அதாவது வீரருக்கு வீரர் மாற்றிக்கொள்வதில், கொடுத்தோமே, அது வீண் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. உலகத் தொடருக்கு முந்தைய தொடரில் சியாட்டிலில் மூன்றாவது ஆட்டத்தை வென்று கொடுத்தது யார்? உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் ஓட்டானிக்கு எதிரே நின்று வென்றது யார்? பீபர் இல்லாவிட்டால் அந்த 11-வது இன்னிங்ஸே எங்களுக்கு வந்திருக்காது என்றேன்.

உடனே அவர் அடுத்த கேள்வியைப் போட்டார். "சரி, இன்னொரு பெரிய பிச்சர் வருகிறார், பதிலுக்கு அர்ஜுன் நிம்மலாவைக் கேட்கிறார்கள். கொடுப்பாயா?" மாட்டேன் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பொடியன் எங்கள் பண்ணை அணியான வான்கூவரில் ஹை-ஏ ஆடுகிறான் (மைனர் லீக்கின் படிகள் கீழிருந்து லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ; அதற்கு மேல்தான் பெரிய லீக்), 20 வயது, பெரிய லீக்கில் ஒரு பந்துகூடச் சந்தித்ததில்லை. அப்படியிருக்க நான் எதை வைத்து விலை சொல்கிறேன்?

அதைத்தான் இங்கே கேட்கிறேன். இன்னும் ஆடாத ஆட்டங்களுக்கு எப்படி விலை போடுவது? பிறகு அந்த ட்ரேட் சரியா பிழையா என்று எப்போது, எதை வைத்துச் சொல்வது?

#2 கணக்குப்பிள்ளை (நியூ ஜெர்சி)

நான் எண்ணிலிருந்து தொடங்குகிறேன், மற்றவர்கள் கண்ணிலிருந்து தொடங்கட்டும்.

ட்ரேடில் வாங்குவது ஒரு வீரரின் மீதமிருக்கும் மலிவான வருடங்களை. பெரிய லீக்குக்கு வந்த ஒருவர் ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் ஒப்பந்தம் போடக்கூடியவர்) ஆக முழுதாக ஆறு வருடச் சேவை வேண்டும். 172 நாள் பட்டியலில் இருந்தால் ஒரு வருடம் என்று கணக்கு. முதல் மூன்று வருடம் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 2025-ல் அது 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அடுத்த மூன்று வருடம் சம்பளத்தை முடிவுசெய்யும் தீர்ப்பாளர் முன்னால் போகும் உரிமை உண்டு, சம்பளம் படிப்படியாக ஏறும். அதன் பிறகுதான் முழுச் சந்தை விலை.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு வீரர் அணிக்குச் சேர்க்கும் ஒரு கூடுதல் வெற்றிக்குச் சந்தையில் 80 லட்சம் டாலர் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இளம் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் தடுப்பவர்) வருடத்துக்கு 2 வெற்றி வீதம் ஆறு வருடம் கொடுத்தால் 12 வெற்றி, அதாவது 9.6 கோடி டாலர். அவருக்கு நாம் கொடுக்கும் மொத்தச் சம்பளம் 2.5 கோடி. மிச்சம் 7.1 கோடி. ஆனால் அவர் அந்த அளவுக்கு வளர மூன்றில் ஒரு வாய்ப்புதான் என்றால் இன்றைய மதிப்பு 2.4 கோடிக்குள் வந்துவிடுகிறது. வர இன்னும் மூன்று வருடம் ஆகும் என்றால் அதிலும் கொஞ்சம் கழிக்க வேண்டும், ஏனென்றால் நாளைய வெற்றியைவிட இன்றைய வெற்றிக்கு விலை அதிகம்.

எதிர்ப்பக்கம் ஒரு நல்ல பிச்சர். ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் பாக்கி, வருடத்துக்கு 4 வெற்றி. 8 வெற்றிக்கு 6.4 கோடி, சம்பளம் 3.6 கோடி, மிச்சம் 2.8 கோடி. ஆக அந்த ஷார்ட்ஸ்டாப்போடு இன்னொரு சிறிய பெயரையும் சேர்த்தால் தராசு நேராகும். அணிகளின் அலுவலகங்களில் நடப்பது அடிப்படையில் இதுதான், அவர்களுடைய வாய்ப்புக் கணக்கு நம்முடையதைவிட நுணுக்கமானது.

இந்தக் கணக்கில் என் மனத்தை உறுத்துவது "மூன்றில் ஒன்று" என்ற இடம்தான். மற்ற எல்லா எண்ணும் அதன் மேல் நிற்கிறது. அது கண்ணால் பார்ப்பவர்களிடமிருந்து வர வேண்டும்.

#3 பஃபலோ பயணி (மார்க்கம்)

தம்பி கணக்குப்பிள்ளை கடைசியில் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

நான் ஒவ்வொரு வருடமும் எட்டுப் பத்துத் தடவை பஃபலோ போகிறவன். எங்கள் ட்ரிபிள்-ஏ அணி அங்கேதான். வார நாளில் நல்ல இருக்கை மலிவாகக் கிடைக்கும், ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஸ்கௌட்டுகளின் (வீரர்களை எடைபோட அணிகள் அனுப்பும் ஆட்களின்) தோளுக்குப் பின்னால் இருக்கலாம்.

ஒரு ஏப்ரல் இரவு. ஏரிக் காற்று பல்லைக் கிட்ட வைக்கிறது. எனக்கு முன் வரிசையில் ஒரு ஸ்கௌட், மடியில் குறிப்பேடு, வலக்கையில் ஸ்டாப்வாட்ச். எதிரணியின் பெயர்பெற்ற இளம் பேட்டர் ஒருவர் வலப்பக்கச் சுவரைத் தாண்டி ஹோம் ரன் அடித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். இந்த மனிதர் பேனாவை எடுக்கவில்லை. பந்து நடுவில் வந்த களைத்த ஃபாஸ்ட்பால், காற்றும் அந்தப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த முறை அதே பேட்டர் இரண்டாம் பேஸுக்கு ஒரு சாதாரணத் தரைப்பந்து அடித்து அவுட். மட்டையில் பந்து பட்ட சத்தத்தில் ஸ்டாப்வாட்ச் ஓடத் தொடங்கியது, முதல் பேஸை மிதித்த காலில் நின்றது. எட்டிப் பார்த்தேன், 4.1-க்கு மேல் ஏதோ. அதை எழுதிக்கொண்டார். மூன்றாவது முறை இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு (மூன்றானால் அவுட்) ஒரு ஸ்லைடர், கடைசியில் வளையும் பந்து, ஸ்ட்ரைக் போலக் கிளம்பி வெளியே விழுந்தது. பேட்டரின் முன்கால் இறங்கியது, கை பாதி தூரம் வந்தது, நின்றுவிட்டது. அப்போதுதான் அந்த மனிதர் நாலைந்து வரி தொடர்ந்து எழுதினார்.

அந்த இரவிலிருந்து நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஹோம் ரன் வந்து போகும். எதை அடிக்காமல் விடுகிறான் என்பது அடுத்த படிக்கும் அதற்கடுத்த படிக்கும் கூடவே போகும்.

அவர்கள் போடும் மதிப்பெண் 20-லிருந்து 80 வரை. 50 என்றால் பெரிய லீக்கின் சராசரி. இதை நம்மவர்கள் பலர் பள்ளிக்கூட மதிப்பெண் போலப் படித்துவிட்டு "50 தானா" என்று முகம் சுளிக்கிறார்கள். பெரிய லீக்கில் சராசரியாக ஆறு வருடம் நிற்பவன் ஒரு அணிக்குப் பெரிய சொத்து. மைனர் லீக்கில் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த இடத்துக்கு வருவதே இல்லை.

#4 மில்வாக்கி மாந்தோப்பு

நான் ப்ரூவர்ஸ் ரசிகன், உங்கள் சண்டைக்கு வெளியே நிற்பவன். ஆனால் இந்தக் கேள்வி 2008-லிருந்து எனக்குள் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பைப் பூ எடுக்கும்போதே குத்தகைக்கு விடுவார்கள். வியாபாரி வந்து மரம் மரமாகப் பார்ப்பார். பூவை வைத்து மட்டும் விலை சொல்ல மாட்டார். மரத்தின் வயது, போன வருடம் காய்த்ததா, பக்கத்துத் தோப்பில் பூச்சி இருக்கிறதா, தண்ணீர் எத்தனை நாளுக்குத் தாங்கும், எல்லாம் கேட்பார். அப்புறம் தோப்புக்காரருக்கு இப்போதே பணம் தேவையா என்பதையும் பார்ப்பார். காத்திருக்க முடிந்தவர் காயில் விற்பார், முடியாதவர் பூவில் விற்பார். ஒரே தோப்புக்கு இரண்டு விலை, இரண்டுமே நியாயமான விலை.

2008 ஜூலை 7. ப்ரூவர்ஸ் 1982-க்குப் பிறகு பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் நடக்கும் கோப்பைச் சுற்று) பார்த்ததே இல்லை. கிளீவ்லாந்திலிருந்து பிச்சர் சி.சி. சபாத்தியாவை வாங்கினார்கள். சீசன் முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட், போய்விடுவார் என்பது ஊருக்கே தெரியும். தலைப்பெயராகக் கொடுத்தது மாட் லபோர்ட்டா, முந்தைய வருட டிராஃப்டின் (இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஏழாவது தேர்வு. கூட இன்னும் சிலர், கடைசியில் "பின்னர் பெயர் சொல்லப்படும் வீரர்" ஒருவர்.

சபாத்தியா 17 ஆட்டம் தொடங்கி 11 வெற்றி, 2 தோல்வி, ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்ட ரன், குறைந்தால் நல்லது) 1.65. ஏழு ஆட்டங்களை முழுதாக முடித்தார். கடைசி வாரங்களில் மூன்று நாள் ஓய்வில் மறுபடி மறுபடி வந்து நின்றார். நாங்கள் 90 வெற்றி, அதே பிளேஆஃப் இடத்துக்குப் போட்டியிட்ட மெட்ஸ் 89. ஒரே ஒரு ஆட்டம். 72 வெற்றி எடுக்கப்போகிற அணிக்கு இன்னொரு வெற்றி எதற்கும் ஆகாது. எங்களுக்கு அது 26 வருடம். கணக்குப்பிள்ளை சாரின் 80 லட்சம் எல்லோருக்கும் ஒரே 80 லட்சம் இல்லை என்று சொல்ல வந்தேன்.

லபோர்ட்டா எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை, 2012-க்குப் பிறகு பெரிய லீக்கில் ஆடவே இல்லை. அந்தப் பின்னர் பெயர் சொல்லப்பட்டவர் மைக்கேல் பிராண்ட்லி. ஐந்து முறை ஆல்-ஸ்டார்.

#5 பதினோராவது இன்னிங்ஸ்

மாந்தோப்பு அண்ணா, மிக்க நன்றி. ஆனால் பிராண்ட்லி விஷயம் எனக்குப் பயத்தைக் கொடுக்கிறது. தலைப்பெயர் விழுந்து கடைசிப் பெயர் எழும்பியதென்றால் இதெல்லாம் லொத்தர்தானே?

#6 ஸ்லைடர் ரசிகை (மிசிசாகா)

லொத்தர் இல்லை. எந்தெந்த இடத்தில் பிழை விடுகிறோம் என்று பார்த்தால் அதற்கும் ஓர் ஒழுங்கு தெரியும். நான் பிச்சர்களைப் பின்தொடர்பவள், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2009 டிசம்பர், எங்கள் பிச்சர் ராய் ஹாலடேயை ஃபிலிஸ் அணிக்குக் கொடுத்தோம். பதிலுக்கு வந்தவர்களில் பெரிய பெயர் கைல் டிராபெக். அப்பா டக் டிராபெக் சிறந்த பிச்சருக்கான சை யங் விருது வாங்கியவர், மகனும் முதல் சுற்றுத் தேர்வு. ஆனால் எங்களிடம் வருவதற்கு முன்பே, 2007-ல், அவருக்கு ஒரு முழங்கை அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. 2012-ல் அதே கையில் இரண்டாவது. அங்கே ஹாலடே 2010 மே மாதம் பெர்ஃபெக்ட் கேம் (ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத ஆட்டம்), அக்டோபரில் பிளேஆஃபில் நோ-ஹிட்டர் (ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்). அந்த இரண்டு இரவும் நான் சந்தோஷப்பட்டு அழுதேன், எங்கள் சட்டையில் இல்லையே என்றும் அழுதேன்.

அதனால்தான் ஒரே மதிப்பெண் உள்ள பேட்டரையும் பிச்சரையும் ஒரே விலைக்கு எடுக்கக் கூடாது. பேட்டருக்கு ஆறு வருடம் என்றால் ஆறு வருடம் ஆட வாய்ப்பு அதிகம். பிச்சரின் ஆறு வருடத்தில் ஒன்றரை வருடத்தை ஒரு தசைநார் தின்றுவிடும். ஸ்டீஃபன் ட்ரேடில்கூட இரண்டு பக்கமும் முழங்கைதான். பீபர் 2024 ஏப்ரலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தவர், பழைய சை யங் விலைக்கு யாரும் அவரைக் கேட்கவில்லை. ஸ்டீஃபன் 2024 டிராஃப்டின் இரண்டாம் சுற்று, நல்ல கட்டுப்பாடு, ஆனால் பிச்சர். அந்த நாளில் அது நியாயமான விலை என்றுதான் நான் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த பிழை, தூரத்தில் இருக்கிற பிள்ளைகள். இதில்தான் விற்பவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். 2016 ஜூன், வயிட் சாக்ஸ் ஜேம்ஸ் ஷீல்ட்ஸை வாங்கக் கொடுத்த இரண்டு பேரில் ஒருவர் 17 வயது ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். அதே வருடம் ஆகஸ்ட் 1, டாட்ஜர்ஸ் ஜாஷ் ஃபீல்ட்ஸ் என்ற ரிலீவருக்காக (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வரும் பிச்சர்) ஆஸ்ட்ரோஸிடம் யோர்டான் ஆல்வரெஸைக் கொடுத்தார்கள். இருவருமே அதுவரை மைனர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. எண் இல்லாத பிள்ளைக்குக் கணக்குத் தாளில் கட்டம் காலியாக இருக்கும். காலிக் கட்டத்தை விற்பவர் பூச்சியமாகப் படிக்கிறார். வாங்க வந்தவர் தன் ஆளை அனுப்பி நேரில் பார்த்திருக்கிறார்.

பிராண்ட்லியும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். சின்ன ஹோம் ரன் எண்ணிக்கை, ஆனால் பந்தைத் தவறவிடாத கை.

#7 கணக்குப்பிள்ளை

ஸ்லைடர் ரசிகை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதியில் ஒரு ஆபத்து இருக்கிறது.

டாட்டிஸும் ஆல்வரெஸும் நம் நினைவில் நிற்பதற்குக் காரணம் அவர்கள் எழும்பியதுதான். அதே வயதில், அதே நம்பிக்கையில் கைமாறி டபுள்-ஏயிலேயே முடிந்துபோனவர்களின் பெயர் நமக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை. ஃபிராங்க்ளின் பரேட்டோ நினைவிருக்கிறதா? 2014 நவம்பரில் ஜாஷ் டொனால்ட்சனுக்காக உங்கள் அணி கொடுத்த நால்வரில் அவரும் ஒருவர், 18 வயது ஷார்ட்ஸ்டாப். ஓக்லாண்ட் ரசிகர்கள் அந்த ட்ரேடை விழுங்கிக்கொண்டது அவருடைய பெயரால்தான். டொனால்ட்சன் அடுத்த வருடமே 41 ஹோம் ரன் அடித்து எம்.வி.பி. (மிக மதிப்புமிக்க வீரர்) ஆனார். பரேட்டோ பெரிய லீக்கில் நிலைக்கவில்லை.

இன்னும் பெரிய உதாரணம் 2007 டிசம்பர். மார்லின்ஸ் 24 வயது மிகெல் காப்ரேராவைக் கொடுத்து ஆறு பேர் வாங்கினார்கள். கேமரன் மேபின், ஆண்ட்ரூ மில்லர் இருவரும் அப்போது எல்லாப் பட்டியலிலும் உச்சியில் இருந்தவர்கள். காப்ரேரா 2012-ல் ட்ரிபிள் கிரௌன் (சராசரி, ஹோம் ரன், ரன் சேர்ப்பு மூன்றிலும் முதலிடம்) வென்றார். மில்லர் ரிலீவராக மாறி 2016-ல் கிளீவ்லாந்துக்கு அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் எம்.வி.பி. ஆனார். திறமையைப் பார்த்தவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள், ஆனால் அது பழுத்தபோது மார்லின்ஸின் ஆறு வருடம் முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. 2018 ஜனவரியில் மறுபடி அதே அணி கிறிஸ்டியன் யெலிச்சை ப்ரூவர்ஸுக்குக் கொடுத்து லூயிஸ் பிரின்சனை வாங்கியது. யெலிச் அந்த வருடமே எம்.வி.பி. (மாந்தோப்பு சார் இதைச் சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.) பிரின்சன் 2018-ல் அடித்த சராசரி வெறும் .199.

ராயல்ஸ் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2012 டிசம்பரில் வில் மையர்ஸைக் கொடுத்து ஜேம்ஸ் ஷீல்ட்ஸையும் வேட் டேவிஸையும் வாங்கினார்கள். நானே அன்று ராயல்ஸ் ஏமாந்துவிட்டது என்று நண்பர்களிடம் வாதாடினேன். மையர்ஸ் 2013-ல் ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனபோது என் வாதம் இன்னும் உரத்தது. 2014-ல் ராயல்ஸ் உலகத் தொடருக்குப் போனது, 2015-ல் கோப்பை. கடைசி அவுட்டை எடுத்தவர் டேவிஸ். மூத்தவர்கள் பக்கத்திலும் இரண்டாவது பெயர் என்று ஒன்று இருக்கிறது, அதை நான் பார்க்கவே இல்லை.

ட்ரேட் நாளில் தெரிந்திருந்தது என்ன என்று கேட்காமல் முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நாம் எதையும் கற்றுக்கொள்ள மாட்டோம்.

#8 பஃபலோ பயணி

தம்பி, நீங்கள் சொல்வது சரி. ஆனால் "அன்றைக்குத் தெரிந்திருக்க முடியாது" என்று எல்லாவற்றையும் தள்ளிவிடவும் ஏலாது. சிலது தெரிந்தது, ஆனால் பார்க்கவில்லை.

1990 ஆகஸ்ட் 30. பாஸ்டன் எங்களோடு டிவிஷன் முதலிடத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தது. ஹியூஸ்டனிலிருந்து லாரி ஆண்டர்சன் என்ற 37 வயது ரிலீவரை வாங்கி, டபுள்-ஏயில் இருந்த ஜெஃப் பாக்வெல்லைக் கொடுத்தார்கள். ஆண்டர்சன் 22 இன்னிங்ஸ் போட்டார், ஈ.ஆர்.ஏ. 1.23. பாஸ்டன் எங்களை இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் தாண்டியது. பிறகு ஓக்லாண்டிடம் நான்குக்கு நான்கு தோல்வி, ஆண்டர்சன் குளிர்காலத்தில் வேறு அணிக்குப் போய்விட்டார்.

பாக்வெல் அந்த வருடம் நியூ பிரிட்டனில் .333 அடித்தார், ஆனால் ஹோம் ரன் நான்கே நான்கு. அவர் ஆடிய மூன்றாம் பேஸில் பாஸ்டனுக்கு ஏற்கெனவே வேட் போக்ஸ் இருந்தார். அதனால் கைவிட்டார்கள். அதே தாளில் 34 டபுள் (இரண்டாம் பேஸ் வரை போன அடி) இருந்தது, ஸ்ட்ரைக்அவுட்டைவிட நடை (நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) அதிகமாக இருந்தது. 22 வயதுப் பையனின் டபுள்கள் உடம்பு முறுகியதும் சுவரைத் தாண்டும் என்பது அந்தக் காலத்து ஸ்கௌட்டுக்கும் தெரிந்த விஷயம். 449 ஹோம் ரன் அடித்து 2017-ல் ஹோல் ஆஃப் ஃபேம் போனார்.

என் சொந்த நினைவிலிருந்தும் ஒன்று. நான் கனடா வந்தது 1986 வைகாசி. வந்த இரண்டாம் மாதம் ப்ளூ ஜேஸ் டோய்ல் அலெக்ஸாண்டர் என்ற மூத்த பிச்சரை அட்லாண்டாவுக்குக் கொடுத்து டுவேன் வார்ட் என்ற 22 வயதுப் பிச்சரை வாங்கியது. அப்போது எனக்கு இந்த ஆட்டம் ஒன்றும் விளங்காது. தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு முதியவர்தான் இடைவேளையில் பேப்பரைக் காட்டிக் காட்டிச் சொல்லித்தருவார். அடுத்த வருடம் ஆகஸ்டில் அட்லாண்டா அதே அலெக்ஸாண்டரை டெட்ராய்டுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வாங்கியது 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸ், அந்த வருடம் டபுள்-ஏயில் 4 வெற்றி 10 தோல்வி. அலெக்ஸாண்டர் டெட்ராய்டுக்காக 9 வெற்றி, தோல்வியே இல்லை. நாங்கள் கடைசி ஏழு ஆட்டமும் தோற்று, இரண்டு ஆட்டத்தில் டிவிஷனைக் கோட்டைவிட்டோம். கடைசி வார இறுதியில் எங்களைத் தோற்கடித்தவர்களில் அலெக்ஸாண்டரும் ஒருவர். அன்று அந்த முதியவர் பேப்பரை மடித்து வைத்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரே மூத்த பிச்சர், இரண்டு முறை கைமாறினார், இரண்டு முறையும் கொடுத்தவர்களுக்கு ஓர் இளம் கை கிடைத்தது. ஸ்மோல்ட்ஸ் 213 வெற்றி, 154 சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காத்து முடித்த ஆட்டம்). வார்ட் 1992, 1993 இரண்டு கோப்பையிலும் எங்கள் முதுகெலும்பு, 1993-ல் மட்டும் 45 சேவ். அதற்காக டெட்ராய்ட் செய்தது பிழை என்று சொல்லமாட்டேன். அந்த 9 வெற்றி இல்லாமல் அவர்கள் எங்களைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

#9 மில்வாக்கி மாந்தோப்பு

ஐயா எழுதியதைப் படித்ததும் ஒரு சந்தேகம். ஸ்டீஃபன் 2024-ல் டிராஃப்ட் ஆனவர், 2025 ஜூலையிலேயே கொடுத்துவிட்டார்கள். முன்பு அப்படி முடியாதே?

#10 கணக்குப்பிள்ளை

முன்பும் முடிந்திருக்கும், ஒரு வருடம் தாண்டியிருந்தால். ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து ஒரு வருடம் கைமாற்றக் கூடாது என்பது பழைய விதி. 2014 டிசம்பரில் பாட்ரேஸ் ட்ரே டர்னரை வாஷிங்டனுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது, ஆனால் அவர் ஜூன் மாதம்தான் டிராஃப்ட் ஆனவர். "பின்னர் பெயர் சொல்லப்படும் வீரர்" என்று எழுதிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் பெயர் தெரியும், பாவம் அவர் 2015 ஜூன் வரை பாட்ரேஸின் மைனர் அணியிலேயே ஆட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் விதியை மாற்றினார்கள், இப்போது உலகத் தொடர் முடிந்ததும் கொடுக்கலாம்.

இதையொட்டி இன்னொன்று. விலை, வைத்திருப்பவரைப் பொறுத்தும் மாறும். 40 பேர் பட்டியலில் இடம் இல்லாத அணி, ரூல் 5 டிராஃப்டில் (அந்தப் பட்டியலில் இல்லாதவர்களை மற்ற அணிகள் எடுக்கும் நிகழ்வு) ஒருவரை இழப்பதைவிட ட்ரேடில் கொடுத்துவிடும். ஒரே இடத்துக்கு மூன்று பேர் இருந்தாலும் அதேதான்.

#11 ஸ்லைடர் ரசிகை

அந்த மூன்று பேர் கதை எங்களுடையது. 2022-ல் கேட்சர்கள் மூன்று பேர், கர்க், ஜான்சன், கேப்ரியல் மொரெனோ. டிசம்பரில் மொரெனோவையும் கூரியலையும் கொடுத்து டால்டன் வார்ஷோவை எடுத்தோம். மொரெனோ அடுத்த வருடமே கோல்ட் க்ளவ் (சிறந்த தடுப்பாட்ட விருது) வாங்கி அரிசோனாவோடு உலகத் தொடர் ஆடினார். வார்ஷோ 2024-ல் கோல்ட் க்ளவ். கர்க்கை நாங்கள் ஐந்து வருடத்துக்கு நீட்டித்து வைத்திருக்கிறோம். இதில் யார் தோற்றார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் எங்கள் இளம் பிச்சர் யெசாவேஜை மறந்துவிடாதீர்கள். 2025 ஜூலை இறுதியில் எத்தனை அணிகள் அவரைக் கேட்டிருக்கும்! வருடத்தை டனீடினில் லோ-ஏயில் தொடங்கியவர், வான்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், பஃபலோ என்று ஏறி செப்டம்பர் 15-ல் பெரிய லீக்குக்கு வந்தார். அக்டோபர் 29-ல் டாட்ஜர்ஸுக்கு எதிராக 12 ஸ்ட்ரைக்அவுட், ஒரு நடைகூட இல்லை. ஸ்டீஃபனும் யெசாவேஜும் ஒரே டிராஃப்டில் எங்களிடம் வந்தவர்கள். இருவரில் யாரைக் கொடுப்பது, யாரை வைத்துக்கொள்வது என்று தெரிந்திருந்ததே, அந்தத் தேர்வில்தான் அலுவலகத்தின் வேலை இருக்கிறது. தன் பண்ணையைத் தானே சரியாக எடைபோடாத அணியால் மற்றவர் பண்ணையை எடைபோட முடியாது.

#12 பதினோராவது இன்னிங்ஸ்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். மச்சானுக்கும் அனுப்பினேன்.

நிம்மலா விஷயத்தில் நான் எனக்கே ஒரு கேள்வி போட்டுப் பார்த்தேன். அதே வயது, அதே எண்கள், அதே மதிப்பெண், ஆனால் வேறு பெயர், வேறு அணி. அவரை வாங்குவதற்காக ஒரு நல்ல பிச்சரை நான் கொடுப்பேனா? யோசிப்பேன். அப்படியானால் மச்சானிடம் நான் சட்டென்று சொன்ன "மாட்டேன்" விலையிலிருந்து வந்ததில்லை. 2023 டிராஃப்டில் 20-வது தேர்வாக அந்தப் பெயரை வாசித்தபோது என் மகள் சோபாவில் எழுந்து நின்றாள். இந்தியாவிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்குப் பிறந்த 17 வயதுப் பிள்ளை, முதல் சுற்றில். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலையில் அவர் ஆடும் அணியின் ஸ்கோர் பார்ப்பது வழக்கம். அந்தப் பாசத்தை நான் விடப்போவதில்லை. ஆனால் அதைத் தராசில் வைக்கவும் மாட்டேன்.

என் விலை இது. ஒரு வருடம் மட்டும் பாக்கியுள்ள பிச்சருக்கு நிம்மலாவைக் கொடுக்க மாட்டேன். 20 வயது ஷார்ட்ஸ்டாப், இன்னும் ஆறு வருடம் தொடங்கவே இல்லை, போன சீசனில் சராசரி இறங்கினாலும் வயதுக்கு மூத்தவர்களோடு ஆடினார். மூன்று வருடம் பாக்கியுள்ள முதல்தரப் பிச்சர் வந்தால் கொடுப்பேன், மகளிடம் நானே சொல்வேன். இதை இன்றைய தேதியோடு இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு என்ன நடந்தாலும் இந்த வரியை வைத்து என்னைக் கேளுங்கள்.

ஸ்டீஃபனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அவர் நாளை ஆல்-ஸ்டார் ஆனாலும் அந்த ட்ரேடை நான் மறுபடி செய்வேன்.

#13 ஸ்லைடர் ரசிகை

ஏற்கிறேன். நான் என்றால் இரண்டு வருடம் பாக்கியிருந்தாலே கொடுப்பேன். அதுவும் இன்றைய தேதியோடு.

#14 பஃபலோ பயணி

நல்லது தம்பி. மகளுக்கு என்ன வயது? அடுத்த சீசனில் கிளீவ்லாந்தின் டபுள்-ஏ அணி அக்ரன், ஈரிக்கு வரும் வாரத்தில் நான் போக இருக்கிறேன். பஃபலோவைத் தாண்டி ஒன்றரை மணி நேர ஓட்டம். ஸ்டீஃபன் அங்கே இருந்தால் நேரில் பார்க்கலாம், இல்லாவிட்டாலும் பார்க்க யாராவது இருப்பார்கள். கூட்டிக்கொண்டு வாருங்கள். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இடம் பிடித்து வைக்கிறேன், என்னிடம் ஸ்டாப்வாட்ச் இரண்டு இருக்கிறது.